அயடீனை வீணாக்காத நொதியம்: ஹற்றன் வகுப்பில் வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஹற்றனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். கேடயச் சுரப்பிப் பாடம் வந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும், ஒருபோதும் முடிந்ததில்லை. மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய வீட்டில் யாராவது ஒருவர் கழுத்தில் கழலையோடு இருந்திருக்கிறார், அல்லது இப்போது தினமும் தைரொட்சின் மாத்திரை போடுகிறார். அதனால் கேள்விகள் நிற்பதில்லை. போன தவணை ஒரு பிள்ளை கேட்டாள்: “மிஸ், ஓமோன் செய்து முடித்த பிறகு மிச்ச அயடீன் எங்கே போகும்?” என் குறிப்பில் அதற்கு விடை இல்லை. தேடிப் படித்தேன். அதற்குப் பின்னால் ஒரு தனி நொதியமே இருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைகளும் சில தாய்மாரும் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேடயச் சுரப்பி என்று நான் எழுதுவதைத்தான் கிளினிக்கில் தைரொயிட் என்கிறார்கள்.

முதலில் ஒரு வரியில் சொல்லுங்கள், இந்த நொதியம் என்ன செய்கிறது?

ஓமோனாக மாறாமல் மிஞ்சிய தைரோசின் துண்டுகளில் ஒட்டியிருக்கும் அயடீனைப் பிடுங்கி, அயடைட்டாகச் சுரப்பிக்கே திருப்பிக் கொடுக்கிறது. பெயர் அயடோதைரோசின் டிஅயடினேஸ். ஆய்வாளர்கள் சுருக்கமாக ஐ.வை.டி. என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

தைரோசினா, தைரொட்சினா? இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. இந்த இரண்டு சொல்லும் தமிழில் எழுதும்போது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்று ஆளைக் குழப்பும். வருடா வருடம் விடைத்தாளில் இதனால் புள்ளி போகிறது. தைரோசின் என்பது சாதாரண அமினோ அமிலம், பருப்பிலும் மீனிலும் உள்ளது. தைரொட்சின் என்பது ஓமோன். அயடீன் ஏறிய இரண்டு தைரோசின்கள் ஒன்றோடொன்று இணைந்தால்தான் அது உருவாகும். அதில் நான்கு அயடீன் அணுக்கள் இருப்பதால் டி4 என்றும் சொல்கிறோம். மூன்று இருந்தால் டி3.

சுரப்பிக்குள் அயடீன் ஏன் மிஞ்ச வேண்டும்? வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாமே?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் அயடைட்டு மிக மிகக் குறைவு. சுரப்பியின் கலமென்சவ்வில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயன்களின் துணையோடு ஒரு அயடைட்டை அது உள்ளே இழுக்கும். உள்ளே வந்த அயடைட்டு கலத்தின் மறுபக்கம், அதாவது சுரப்பியின் சிறு பைகளுக்குள் இருக்கும் கூழ்மத்துக்குப் போகும். அங்கே தைரோகுளோபியூலின் என்ற பெரிய புரதம் நிறைந்திருக்கிறது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட தைரோசின்கள் உள்ளன. ஐதரசன் பேரொட்சைட்டைப் பாவித்து தைரொயிட் பேரொட்சிடேஸ் என்ற நொதியம் அவற்றில் சிலவற்றின் வளையத்தில் அயடீனை ஏற்றும். ஒரு அயடீன் ஏறினால் மொனோஅயடோதைரோசின், இரண்டு ஏறினால் டைஅயடோதைரோசின்.

அயடீன் ஏறிய தைரோசின் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரியான ஜோடி கிடைப்பதில்லை. புரதம் மடிந்திருக்கும் விதத்தில் ஒருசில இடங்களில் மட்டுமே இரண்டு தைரோசின்கள் கைகோர்க்கும் தூரத்தில் இருக்கும். அவை மட்டும் இணைந்து டி4 ஆகவோ டி3 ஆகவோ மாறும். மற்றவை அயடீனைச் சுமந்தபடி தனியாகவே நிற்கும்.

ஓமோன் தேவைப்படும்போது கலம் அந்தப் புரதத்தை அப்படியே விழுங்கி, வெட்டித் துண்டு துண்டாக்கும். ஒன்றிரண்டு ஓமோன் மூலக்கூறுக்காக அவ்வளவு பெரிய புரதம் முழுவதும் பிரிக்கப்படுகிறது. டி4, டி3 இரத்தத்துக்குப் போய்விடும். பின்னால் தங்குவது அயடீன் ஏறிய தனித் தைரோசின்கள். புரதத்தில் இருந்த அயடீனில் பாதிக்கும் மேல் இவற்றில்தான் இருக்கிறது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதை அப்படியே வெளியே விட்டால் சிறுநீரோடு போய்விடும்.

பழைய லயத்துக் கூரையைப் பிரிக்கும்போது எங்கள் தாத்தா ஒரு ஆணியைக்கூட வீசமாட்டார். பலகையிலிருந்து நெம்பி எடுத்து, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பால் டின்னில் போட்டு வைப்பார். பலகை தைரோசின், ஆணி அயடீன், நெம்புகோல் ஐ.வை.டி. இரண்டையும் மறுபடி பாவிக்கலாம்: தைரோசின் வேறு புரதம் செய்யப் போகும், அயடைட்டு மறுபடி கூழ்மத்துக்குப் போகும்.

பிடுங்குவது எப்படி? வெறும் நீர்ப்பகுப்பா?

இல்லை. வளையத்துக் காபனோடு ஒட்டிய அயடீனை நீர் ஊற்றிக் கழற்ற முடியாது. இலத்திரன் கொடுத்துத் தாழ்த்த வேண்டும். ஒரு அயடீனுக்கு இரண்டு இலத்திரன். அயடீன் அணு பிணைப்பை விட்டு அயடைட்டாக வெளியேறும், அது இருந்த இடத்தில் ஒரு ஐதரசன் வந்து உட்காரும். டைஅயடோதைரோசினில் இதை இரண்டு தடவை செய்ய வேண்டும்: முதல் தடவை மொனோஅயடோதைரோசின் கிடைக்கும், இரண்டாம் தடவை வெறும் தைரோசின்.

அந்த இலத்திரன்களின் மூலம் கலத்தில் உள்ள என்.ஏ.டி.பி.எச்., அதாவது இலத்திரன் சுமக்கும் ஒரு சிறு மூலக்கூறு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நொதியத்தைச் சுத்திகரித்துச் சோதனைக்குழாயில் வைத்து என்.ஏ.டி.பி.எச். ஊற்றினால் ஒன்றும் நடக்காது. கலத்துக்குள் இலத்திரனைக் கைமாற்றிக் கொடுக்க இடையில் இன்னொரு புரதம் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அதற்குப் பதிலாக டைதயோனைட்டு என்ற வலுவான தாழ்த்தியைப் போட்டு வேலை வாங்குகிறார்கள்.

இரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். அலசன் (அயடீன், குளோரீன் போன்ற) அணுவைத் தாழ்த்திக் கழற்றும் நொதியங்களைப் பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் பக்டீரியாக்களில்தான் பார்க்கலாம். ஒட்சிசனைச் சுவாசிக்கும் நம்மைப் போன்ற உயிரியில் இப்படி ஒரு தாக்கம் நடப்பது அபூர்வம். வேதியியலாளர்கள் இந்த நொதியத்தின் மேல் இவ்வளவு ஆர்வம் காட்டக் காரணமே அதுதான்.

நொதியத்தின் அமைப்பு எப்படி? படம் வரையச் சொன்னால் எதை வரைவது?

மனித ஐ.வை.டி. 289 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதை மூன்று பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். முன்முனையில் ஒரு சிறு துண்டு, அதுதான் கலமென்சவ்வில் குத்தி நிற்கும் நங்கூரம். நடுவில் ஒரு இணைப்புப் பகுதி. மீதி எல்லாம் வேலை செய்யும் பகுதி. கலத்தில் இது கூழ்மத்தைப் பார்த்த பக்கத்து மென்சவ்வில் அதிகம் இருக்கும். பிரிக்க வேண்டிய புரதமும் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே வருகிறது, ஆகவே பொருத்தமான இடம்.

ஒற்றைச் சங்கிலியாக இது வேலை செய்யாது. ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்து இருபடியாக நிற்கும். சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை, ஒன்றின் முனை நீண்டு போய் மற்றதைச் சுற்றிக்கொள்ளும். கொழுந்து பறித்து முடிந்து மழையில் வரும் இரண்டு பெண்கள் ஒரே படங்குக்குள் தோளோடு தோள் கைபோட்டு வருவார்களே, அந்த மாதிரி. இருவருக்கும் நடுவில், தொடும் விளிம்பில், இரண்டு குழிகள். அவைதான் உயிர்ப்புத் தானங்கள், அதாவது தாக்கம் நடக்கும் இடங்கள். ஒவ்வொரு குழியையும் இரண்டு சங்கிலிகளும் சேர்ந்தே அமைக்கின்றன. அதனால் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்தால் குழி பாதிதான்.

ஒவ்வொரு குழிக்குள்ளும் எஃப்.எம்.என். என்ற துணைக்காரணி ஒன்று இருக்கும். இலத்திரனை வாங்கி வைத்துக் கொடுப்பது இதுதான். இந்த மாதிரி மடிப்பும் எஃப்.எம்.என்.னும் கொண்ட பெரிய புரதக் குடும்பம் ஒன்று பக்டீரியாக்களில் உண்டு, அதற்கு நைத்திரோ ரிடக்டேஸ் குடும்பம் என்று பெயர். நம்முடைய நொதியம் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. டி4 ஐ டி3 ஆக மாற்றும் நொதியங்களோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். குழி காலியாக இருக்கும்போது அதன் வாயில் ஒரு துண்டுச் சங்கிலி ஒழுங்கில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். எக்ஸ்கதிர்ப் படத்தில் அந்தத் துண்டு தெரியவே தெரியாது, அவ்வளவு அசைவு. அயடீன் ஏறிய தைரோசின் உள்ளே வந்து அமர்ந்ததும் அந்தத் துண்டு சட்டென்று சுருளாக மடிந்து மூடியாக வந்து மூடிவிடும். வெளியே உள்ள நீர் உள்ளே வராது. மூடியை மூடவைப்பது யார் என்றால், உள்ளே வந்த விருந்தாளியேதான். தைரோசினின் அமினோ முனையும் காபொட்சில் முனையும் மூடியிலுள்ள ஒரு குளூட்டாமிக் அமிலம், ஒரு தைரோசின், ஒரு லைசின் ஆகியவற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். இன்னும் அதிசயமாக, அந்த முனைகள் எஃப்.எம்.என்.னையும் நேரடியாகத் தொடும். வளையமோ எஃப்.எம்.என். வளையத்தின் மேல், ரொட்டிக்கு மேல் ரொட்டி அடுக்கிய மாதிரி, தட்டையாகப் படுத்திருக்கும்.

இப்படிப் படுத்தவுடன் நொதியத்தின் திரியோனின் என்ற ஒரு அமினோ அமிலம் எஃப்.எம்.என்.னின் ஒரு நைதரசனோடு ஐதரசன் பிணைப்புப் போடும். அந்தச் சின்னப் பிணைப்பால் எஃப்.எம்.என். தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. வழமையாக இரண்டு இலத்திரனை ஒரேயடியாகக் கொடுத்துவிடக் கூடியது, இப்போது ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கும். பலமாக ஒட்டிய அயடீனை இரண்டு சிறு தள்ளலில் தள்ளிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான ஆள் வந்து அமரும் வரை அந்தத் தன்மை வராது, ஆகவே இலத்திரன் வேறெங்கும் வீணாகச் சிந்துவதும் குறைவு.

படம் கேட்டால்: கைகோர்த்த இரண்டு சங்கிலி, நடுவில் இரண்டு குழி, குழிக்குள் எஃப்.எம்.என்., மேலே மூடி, கீழே மென்சவ்வில் நங்கூரம். இவ்வளவு போதும்.

எஃப்.எம்.என். என்பது விற்றமினா?

விற்றமின் பி2, அதாவது ரைபோபிளேவினில் ஒரு பொசுபேற்றுச் சேர்ந்தது. பி கொம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அந்த நிறம் ரைபோபிளேவினுடையது. சுத்திகரித்த ஐ.வை.டி.யும் மஞ்சள் நிறம்தான். அந்த மஞ்சள் மங்குவதையும் திரும்ப வருவதையும் பார்த்தே, எப்போது இலத்திரன் ஏறியது, எப்போது இறங்கியது என்று ஆய்வாளர்கள் அளக்கிறார்கள்.

அப்படியானால் பி2 மாத்திரை போட்டால் கழலை கரையுமா?

கரையாது.

இந்த நொதியம் டி4, டி3 ஓமோன்களில் உள்ள அயடீனையும் பிடுங்கிவிடாதா? அப்புறம் ஓமோனே மிஞ்சாதே?

நல்ல கேள்வி. பிடுங்காது. குழியின் அளவும் மூடி பிடிக்கும் விதமும் ஒற்றை வளையம் உள்ள தைரோசினுக்கே பொருந்தும். டி4 இரண்டு வளையம் கொண்ட பெரிய மூலக்கூறு, அது அங்கே அமராது. இதனால்தான் ஒரே கலத்துக்குள் ஓமோனும் கழிவும் சேர்ந்து வெளிவந்தாலும் நொதியம் கழிவை மட்டும் பிரித்து எடுக்கிறது.

அயடீன் மட்டுமல்ல, புரோமீனோ குளோரீனோ ஏறிய தைரோசினிலும் அதை இந்த நொதியத்தால் கழற்ற முடியும். புளோரீனை மட்டும் அசைக்க முடியாது, காபன்–புளோரீன் பிணைப்பு அவ்வளவு பலம்.

பாடத்தில் டிஅயடினேஸ் என்று வேறு சில வருகிறதே?

பெயர் ஒன்று, ஆள் வேறு. டி4 இலிருந்து ஒரு அயடீனைக் கழற்றி அதை வேகமான டி3 ஆக்குவதும், பிறகு செயலற்றதாக்குவதும் வேறு மூன்று நொதியங்களின் வேலை. அவற்றின் மையத்தில் செலீனியம் கொண்ட செலனோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஈரல், மூளை, தசை என்று உடலெங்கும் பல இடங்களில் அவை வேலை செய்யும். ஐ.வை.டி.க்குச் செலீனியமும் வேண்டாம், கந்தகமும் வேண்டாம், எஃப்.எம்.என். என்ற பிளேவின் போதும். ஒரே வேலைக்கு இயற்கை இரண்டு தனித்தனி வழி கண்டிருக்கிறது. ஐ.வை.டி. சுரப்பிக்கு வெளியே ஈரலிலும் சிறுநீரகத்திலும் கூட உண்டு. இரத்தத்தில் நழுவிவந்த அயடோதைரோசின்களை அங்கே பிடித்துக்கொள்ளும்.

இதை யார், எப்போது கண்டுபிடித்தார்கள்?

1950களிலேயே இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஸ்கொட்லாந்தில் ஊர் ஊராகத் திரிந்து பாத்திரம் செப்பனிட்டுப் பிழைத்த ஒரு குடும்பத்தில் பல பேருக்குக் கழலையும் ஓமோன் குறைவும் இருந்தன. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்தவர்கள். இந்த மாதிரி நோயாளிகளுக்கு டைஅயடோதைரோசினை ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண ஆளுக்கு அது அயடைட்டாகப் பிரிந்துவிடும். இவர்களுக்கு அப்படியே சிறுநீரில் வந்தது. பிரிக்கும் நொதியம் இல்லை என்பது அங்கேயே தெரிந்தது.

பரம்பரையலகைப் பிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 2000களின் தொடக்கத்தில்தான் அது அடையாளம் காணப்பட்டது, 6ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. 2008இல் ஹோசே மொரேனோவும் கூட்டாளிகளும் அதிலுள்ள விகாரங்களை நோயாளிக் குடும்பங்களில் காட்டினார்கள். 2009இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரொக்கிட்டாவின் குழுவும் கூட்டாளிகளும் எலியின் நொதியத்தின் பளிங்கமைப்பை வெளியிட்டார்கள். மென்சவ்வு நங்கூரத்தை வெட்டிவிட்டுத்தான் பளிங்காக்க முடிந்தது. மனித நொதியத்தின் அமைப்பு 2015இல் வந்தது.

இது பரீட்சைக்கு வருமா மிஸ்?

இந்த அளவுக்கு வராது. கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

இந்த நொதியம் பிறவியிலேயே பழுதானால் என்ன நடக்கும்?

சுரப்பி ஒழுகும் வாளி ஆகிவிடும். அயடைட்டை வேகமாக இழுக்கும், அதே வேகத்தில் அயடோதைரோசினாக இழக்கும். கதிரியக்க அயடீன் கொடுத்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்: சுரப்பி விரைவாக நிறைகிறது, விரைவாகக் காலியாகிறது. கொஞ்ச நாளில் அயடீன் இருப்புக் குறைந்து, டி4 குறைந்து, மூளையடிச் சுரப்பி தூண்டல் ஓமோனைக் கூட்டி, கேடயச் சுரப்பி வீங்கிக் கழலையாகும்.

இதில் ஒரு பொல்லாத விஷயம், பிறந்த உடனே இது தெரியாமல் போகலாம். குழந்தையின் குதிக்காலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைரொயிட் பார்ப்பார்கள். அப்போது இந்தப் பிள்ளையின் அளவுகள் சாதாரணமாகவே இருக்கக்கூடும். இருப்புத் தீர்ந்த பிறகு, சில மாதங்களிலோ வருடங்களிலோதான் குறைவு வெளிப்படும். கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிள்ளை மந்தமாக இருக்கிறது, வளரவில்லை, மலச்சிக்கல், கழுத்து தடித்திருக்கிறது என்றால் “பிறந்தபோது பார்த்தார்கள், ஒன்றுமில்லை” என்று விட்டுவிடாமல் மறுபடி காட்டுவது நல்லது. சிறுநீரிலும் இரத்தத்திலும் அயடோதைரோசின் கூடியிருப்பதும் பரம்பரையலகுச் சோதனையும் காரணத்தைச் சொல்லும். சிகிச்சை கடினமல்ல: தைரொட்சின், அல்லது வைத்தியரின் கண்காணிப்பில் கூடுதல் அயடீன். இது மிக அபூர்வமான நோய் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்குப் போய் யாரும் பயப்பட வேண்டாம்.

மாமன் மகளைக் கட்டினால் இது வருமா?

ஒரு பையன் கேட்டான், வகுப்பே சிரித்தது. ஆனால் நம் பக்கத்தில் முறைப்பெண் கல்யாணம் இன்றும் நடக்கிறது, கேட்பதில் தப்பில்லை. பரம்பரையலகின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் பெரும்பாலும் நோய் முழுதாக வெளிப்படும். அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பழுது மாமன் வீட்டிலும் அத்தை வீட்டிலும் இறங்கியிருக்கலாம், ஆகவே சொந்தத்தில் சந்திக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பழுதே இல்லாத குடும்பத்தில் சொந்தத்தில் கட்டினாலும் இந்த நோய் வராது.

எங்கள் பாட்டிக்கு இருந்த கழலை இதனாலா?

கிட்டத்தட்ட நிச்சயமாக இல்லை. அது உணவில் அயடீன் போதாமையால் வந்திருக்கும்.

எங்கள் அப்பாயிக்கும் இருந்தது. கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு. பவளமாலை போட்டால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும் என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார். சேலை முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டே படம் எடுக்க நின்றார். எங்கள் லயத்தில் அவர் ஒருவர் மட்டுமல்ல, அதனால் யாரும் அதைப் பெரிய நோயாகவே நினைக்கவில்லை.

அயடீனின் பெரிய களஞ்சியம் கடல். மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் கொட்டும் மழை மண்ணிலுள்ளதைக் கழுவிக்கொண்டு போகிறது. தோட்டத்து லயத்தில் கடல்மீன் என்பது சம்பள நாளைக்கு வரும் நெத்தலிக் கருவாடு. இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995இல் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த என் மாணவர்களின் கழுத்தில் அந்த மாதிரிக் கழலையை நான் பார்ப்பது அரிது.

நொதியம்தான் மீட்டுக்கொடுக்கிறதே, பிறகு உப்பில் ஏன் அயடீன்?

மீட்பது சுரப்பிக்குள் மிஞ்சியதை மட்டும். ஓமோனோடு வெளியே போன அயடீன் உடலெங்கும் சுற்றி, கடைசியில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். நாம் உண்ணும் அயடீனில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அதை ஈடுசெய்யத்தான் தினசரி உணவு வேண்டும். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது.

வகுப்பில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 150 மைக்ரோகிராமை 365ஆல் பெருக்கி, 70 வருடத்தால் பெருக்கினால் 4 கிராமுக்கும் குறைவு. அயடீன் கனமான பொருள், அந்த 4 கிராம் கால் தேக்கரண்டியைக்கூட நிரப்பாது. ஒரு ஆயுளுக்கு அவ்வளவுதான். ஆனால் அதை ஒரே நாளில் சாப்பிட்டு வைக்க முடியாது, தினம் தினம் துளித்துளியாக வர வேண்டும்.

அப்படியானால் கூடுதலாக உப்புப் போட்டால் நல்லதா?

வேண்டாம். உப்புக் கூடினால் இரத்த அழுத்தம் ஏறும். அயடீன் அளவுக்கு மிஞ்சினாலும் சிலருக்குச் சுரப்பி குழம்பும். வழமையான உப்பு போதும், அது அயடீன் சேர்த்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உப்பை எப்படி வைக்க வேண்டும்?

இலங்கை உப்பில் அயடீன் பொற்றாசியம் அயடேற்று வடிவில் இருக்கிறது. அது ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனாலும் ஈரம், வெயில், சூடு மூன்றும் அதற்கு எதிரி. நம் வீடுகளில் உப்பு இருக்கும் இடம் எது? அடுப்பு மேட்டில், புகை பிடிக்கும் மூலையில், மூடியில்லாத சிரட்டையில். பனி இறங்கும் மாதத்தில் சிரட்டையில் உப்பு தண்ணீராகவே நிற்கும். அந்தத் தண்ணீரோடு அயடீனும் போகிறது. மூடியுள்ள போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். கறி இறக்கும் தறுவாயில் உப்புப் போட்டால் இன்னும் நல்லது. கடையில் வாங்கும்போது பொதியில் அயடீன் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கோவாவும் மரவள்ளியும் சாப்பிடக்கூடாது என்கிறார்களே, அவை இந்த நொதியத்தைத் தடுக்குமா?

இந்த நொதியத்தை அல்ல. மரவள்ளியிலிருந்தும் கோவா, நோக்கோல் போன்றவற்றிலிருந்தும் உடலில் தயோசயனேற்று உருவாகலாம். அது அயடைட்டை உள்ளே இழுக்கும் கடத்தியோடுதான் போட்டி போடும், அதாவது வாசலிலேயே தடை. அயடீன் போதுமான அளவு கிடைக்கும் ஆளுக்கு, நன்றாக அவித்து அளவாகச் சாப்பிட்டால் இது ஒரு பிரச்சினை அல்ல. நுவரெலியாவில் கோவா விளைவிப்பவர்களின் வயிற்றில் அடிக்க எனக்கு எண்ணமில்லை. அயடீன் குறைவாக இருந்து, மரவள்ளியே முக்கிய உணவாகவும் இருந்தால்தான் கவனம் வேண்டும்.

ஐ.வை.டி.யைத் தடுக்கும் பொருட்களும் உண்டு. நைத்திரோதைரோசின் என்பது அதில் ஒன்று, அயடோதைரோசின் மாதிரியே நடித்துக் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அது ஆய்வுகூடச் சமாசாரம்.

அம்மா தைரொட்சின் மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, தேத்தண்ணி குடிக்காமல் மலை ஏறும் அம்மா நம் ஊரில் கிடையாது, எனக்குத் தெரியும். மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, தேத்தண்ணிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். எழும்பின உடனே மாத்திரை, பிறகு அடுப்புப் பற்றவைத்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பிள்ளையை எழுப்பி முடிக்கும்போது நேரம் சரியாக இருக்கும். என் அம்மா இப்படித்தான் பழகினார். இரும்புச்சத்து மாத்திரையோ கல்சியம் மாத்திரையோ இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், அவை தைரொட்சினைப் பிடித்து உறிஞ்சவிடாமல் செய்யும்.

ரிப்போர்ட்டில் இந்த நொதியத்தின் பெயர் இல்லையே?

இருக்காது. வழமையான இரத்தப் பரிசோதனையில் மூளையடிச் சுரப்பியின் தூண்டல் ஓமோனையும் டி4 ஐயும்தான் அளப்பார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு அதுவே போதும்.

கேடயச் சுரப்பி இல்லாத உயிரினங்களில் இந்த நொதியம் இருக்குமா?

இதைக் கேட்டவளும் முதலில் கேட்ட அதே பிள்ளைதான். இருக்கிறது. பூச்சிகளிலும் பக்டீரியாக்களிலும் இதன் உறவுக்காரப் புரதங்களைப் பிரித்தெடுத்து, அவையும் தைரோசினிலிருந்து அயடீனைக் கழற்றுவதைக் காட்டியிருக்கிறார்கள். சுரப்பியே இல்லாத உயிரிக்கு இது எதற்கு என்று அவள் அடுத்துக் கேட்டாள். சுரப்பி தோன்றுவதற்கு முன்பே நொதியம் இருந்திருக்கிறது, முதுகெலும்பிகள் அதை எடுத்துத் தங்கள் தேவைக்குப் பாவித்துக்கொண்டன என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டு, பொகவந்தலாவை பஸ்ஸுக்கு ஓடினாள்.